பௌர்ணமி வியாபாரமும் தேவைக் கோடும்

பி.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்து, கணக்குக்குப் பயந்து முதல் செமஸ்டரோடு படிப்பை விட்டுக் கிளம்பிவிட்டவன் நான். ஓசூரில் கம்பெனி, திருப்பூரில் பனியன், கோவாவில் ஓட்டல் பாத்திரம் என்று சுற்றினேன். பட்டம் இல்லாததால் எங்கே போனாலும் சுமக்கிற வேலைதான் கிடைத்தது. திருவண்ணாமலைக்குத் திரும்பி, அடி அண்ணாமலையில் ஒரு இளநீர்க் கடையில் சேர்ந்ததும், தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. பொருளாதாரத்துக்குப் பணம் கட்டினேன். இதை மட்டும் பாதியில் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

முதல் வருஷத்தில் மற்ற பேப்பர்கள் தேறிவிட்டன. நுண்பொருளியல் மட்டும் இரண்டு முறை போய்விட்டது. கணிதத்தில் தெரியாவிட்டால் முதல் வரியிலேயே பேனா நின்றுவிடும். இதில் அப்படி இல்லை. பக்கம் பக்கமாக நிரப்பிவிட்டு, நிச்சயம் பாஸ் என்று வெளியே வந்து டீ குடித்தேன். இரண்டாவது முறையும் அப்படித்தான்.

கடைக்காரர் மதியம் சாப்பிடப் போகும்போது அவர் மகள் கல்லாவில் உட்காருவாள். அரசுக் கல்லூரியில் கணிதம், இரண்டாம் வருஷம்.

"உங்களுது கதை எழுதுற பேப்பர். அதுலயும் ஃபெயிலாண்ணா?"

"நீ எழுதிப் பாரு, தெரியும்."

"குடுங்க. என்னுத நீங்க எழுதுங்க."

வினாத்தாள்களை மாற்றிக்கொண்டோம். ஒரு தொடர் ஒருங்கும் என நிறுவச் சொல்லியிருந்தது அவளுடையதில். கேள்வியை அப்படியே பார்த்து எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவள் தேவை விதியை எடுத்தாள். இரண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"முடிஞ்சிடுச்சு. பத்து மார்க்குக்கு இன்னும் என்னத்த எழுதறது?"

"உதாரணம் குடுக்கணும். படம் போடணும்."

"நீங்க என்ன போட்டீங்க?"

ஸ்ட்ரா வந்த அட்டைப்பெட்டியின் மேல் வரைந்து காட்டினேன். சாதாரண நாளில் இளநீர் நாற்பது ரூபாய், கொஞ்சம் விற்கும். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் அறுபது, லோடு லோடாக விற்கும். இரண்டு புள்ளிகளையும் சேர்த்தால் கோடு மேலே ஏறுகிறது. விலை ஏறினால் தேவை குறையும் என்று புத்தகம் சொல்வது எங்கள் ஊருக்குப் பொருந்தாது என்று இரண்டு முறையும் எழுதியிருந்தேன். அதை எழுதும்போது பெருமையாகக்கூட இருந்தது.

அவள் அட்டையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அதே பௌர்ணமில நாம எண்பது சொன்னா?"

"ஒருத்தனும் வாங்க மாட்டான். பக்கத்துக் கடைக்குப் போயிடுவான்."

"எல்லாக் கடையிலயும் எண்பதுன்னா?"

யோசித்தேன். "தண்ணி பாட்டில் வாங்கிக்குவான். கம்மியாத்தான் போகும்."

"அப்போ பௌர்ணமிக்குத் தனியா ஒரு கோடு. அதுவும் கீழதான் எறங்குது. நீங்க இந்தக் கோட்டுல ஒரு புள்ளி, அந்தக் கோட்டுல ஒரு புள்ளி எடுத்து முடிச்சு போட்டிருக்கீங்க."

"இதை எந்தப் புத்தகத்துல படிச்ச?"

"படிக்கல. எது மாறுது, எது மாறாம இருக்குன்னு பார்த்தேன். அவ்ளோதான். ஆனா இத நாலு பக்கம் எழுதச் சொன்னா எனக்குக் கை ஓடாதுண்ணா. எங்க பாடமே தேவல."

புத்தகத்தில் அதே படம் இருந்தது. இடம்பெயர்ந்த இரண்டு கோடுகள், பக்கத்திலேயே விளக்கம். கடையில் தினமும் பார்க்கிற விஷயம்தானே என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தேன். அன்றிலிருந்து, தெரிந்ததாகத் தோன்றிய ஒவ்வொரு பக்கத்தையும் தெரியாதவன் போல முதலிலிருந்து படித்தேன். மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில், குலைகளை இறக்கிப் போட்டுவிட்டு, அட்டைகளில் கோடு போட்டுப் பார்த்தேன். படம் தப்பாக வந்தால் அட்டையைக் கிழித்துவிட்டு வேறு எடுத்தேன்.

மூன்றாவது முறை தேர்வில் குறைவாகத்தான் எழுதினேன். எழுதியதை அடித்துத் திருத்தினேன். எங்கே தப்பு இருக்குமோ என்ற பயத்தோடு வெளியே வந்தேன். டீக்கடைப் பக்கம் போகவில்லை.

பாஸ். மார்க் அதிகமில்லை.

அடுத்துப் பட்டத்துக்குக் குறுக்கே நிற்பது இரண்டாம் வருஷத்துக் கணித முறைகள் பேப்பர். பயந்து தள்ளி வைத்திருந்தேன். கடைக்காரர் மகளிடம் அவளுடைய முதல் வருஷப் புத்தகத்தைக் கேட்டேன்.

"கணக்குக்குப் பயந்துதான பொருளாதாரத்துக்கு வந்தீங்க?"

"ஆமா. குடு."