ஒரு குறடும் இரண்டு அரசாங்கங்களும்

என் அரிவாள்மணையின் அலகு பலகையிலிருந்து கழன்று ஆடத் தொடங்கியதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போவார்களா மாட்டார்களா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. என் கணவர் மேரியில், அதாவது அவர்களுடைய நகராட்சி அலுவலகத்தில், பிறப்பு இறப்பு பதியும் குமாஸ்தா. அவருக்குச் சொந்த ஊர் போலகம். இரும்பு வேலை என்றால் அங்கே இருந்த கொல்லரிடம்தான் போவோம். மார்கழிக் கடைசியில் இவர் அரிவாள்மணையை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். பட்டறை வாசலில் அறுவடை அரிவாள்கள் குவிந்து கிடந்தனவாம்.

"தை போகட்டும், வாங்க. இப்ப கை ஒழியல" என்று சொல்லிவிட்டார் கொல்லர்.

வேறு யாராவது என்றால் சரியென்று திரும்பியிருப்பார்கள். இவர் அவமானப்பட்டுத் திரும்பினார். எங்கள் ஊரில் ஒரு குழந்தை எப்போது பிறந்தாலும், இவர் எழுதினால்தான் பிறந்ததாக அர்த்தம். அப்படிப்பட்டவரையா காத்திருக்கச் சொல்வது?

"ஒரு இரும்புத் துண்டத் தட்டிக் குடுக்க இன்னொருத்தர் வாசல்ல போயி நிக்கணுமா? நாமளே ஒரு உலை வச்சுக்கிட்டா என்ன?" என்றார்.

"வீட்லயா?"

"கொல்லையிலதான். உனக்கென்ன, இன்னொரு அடுப்புன்னு நெனச்சுக்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உடைந்துபோன நெற்குதிரின் அடிப்பாகத்தைக் கிணற்றடிப் பக்கம் உருட்டி வந்து, உள்ளே களிமண் பூசி உலை ஆக்கினார். கொட்டாங்கச்சிக் கரி போட்டார். பற்றவைத்ததும் காற்று வேண்டுமே. முதலில் விசிறி. பிறகு சைக்கிள் பம்பு. அது ஊதி முடிப்பதற்குள் கரி சாம்பல் பூத்துவிட்டது. அப்போது அவர் கண் கூடத்து மூலையில் இருந்த என் ஆர்மோனியத்தின் மேல் விழுந்தது. கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கிக்கொடுத்தது.

"அதுல ஒரு துருத்தி இருக்குல்ல?" என்றார் மெதுவாக.

"அதத் தொட்டீங்கன்னா நான் அம்பகரத்தூருக்கு பஸ் ஏறிடுவேங்க" என்றேன். அம்பகரத்தூர் என் பிறந்த வீடு. அன்றைக்கு எனக்குச் சிரிப்பே வரவில்லை.

கறிக்கடையில் ஓர் ஆட்டுத்தோல் வாங்கிவந்தார். பதப்படுத்துவது என்றால் உப்புத் தடவுவது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை இரண்டு பலகைக்கு நடுவில் ஆணியடித்துத் துருத்தி செய்தார். நெருப்பு நன்றாகவே எரிந்தது. ஆனால் அந்த வாடைக்குத் தெரு நாய்கள் எல்லாம் கொல்லை வேலிக்கு வெளியே வந்து, கூப்பிட்ட விருந்தாளிகளைப் போல உட்கார்ந்துகொண்டன. துருத்தியை அமுக்குவது என் வேலை. ஆர்மோனியத்தில் பழகியதால் எனக்கு ஒரே சீராகக் காற்று விட வரும். அவசரப்பட்டு விட்டால் நெருப்பு சீறி அடங்கிவிடும் என்பது நானாகக் கண்டுகொண்டது. கரிக்கு நடுவே இரும்பு செம்பருத்தி நிறம் வருவதைப் பார்க்க எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு உலை கட்டியிருப்பார்.

இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கல்லுக்கு, கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரிடம் போனார்; நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். தண்டவாளத் துண்டு கேட்டதற்கு, "அது கெடைக்காதுங்க. இத வச்சுக்குங்க" என்று உடைந்த கப்பல் நங்கூரத்தின் ஒரு துண்டை மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டார் அந்த நானா. அதைப் புளியங்கட்டையில் பதித்து வைத்தபோது, என் கணவர் துறைமுகம் ஒன்றைத் திறந்துவைத்தவர் போல நின்றார்.

முதலில் செய்ய வேண்டியது குறடு. பழுத்த இரும்பைப் பிடிக்கக் குறடு வேண்டும், அந்தக் குறட்டைச் செய்யும்போது பழுத்த இரும்பைப் பிடிக்க இன்னொரு குறடு வேண்டும். இதில் அவர் ஒரு வாரம் தத்தளித்தார். பிறகு, நீளக் கம்பியாக இருந்தால் மறுமுனையைக் கையாலேயே பிடித்துக்கொள்ளலாம் என்று அவருக்கே தோன்றிவிட்டது. நீளக் கம்பி எங்கே இருக்கிறது? என் அடுக்களை ஜன்னலில். இரண்டைப் பிடுங்கினார். அன்றிலிருந்து பக்கத்து வீட்டுப் பூனைக்கு வழி கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

ஞாயிறுதோறும் ஆணியடிக்கும் சுத்தியலால் டங் டங் என்று சத்தம். இரண்டு கம்பிகளையும் தட்டையாக்கி, துளை போட்டு, ரிவிட் அடித்து முடித்தபோது, குறட்டின் இரண்டு தாடைகளும் கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி போல ஆளுக்கொரு பக்கம் பார்த்தன.

அந்தச் சமயத்தில்தான் சிவப்புத் தொப்பி போட்ட பிரெஞ்சுப் போலீஸ் சிப்பாய் ஒருவர் கொல்லைப்பக்கமாக வந்து நின்றார். இந்தியாவோடு சேர வேண்டும் என்று ஊரில் கூட்டமும் ஊர்வலமுமாக இருந்த நாட்கள். இந்த வீட்டில் ஆயுதம் செய்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"முசியே, என்ன செய்றீங்க?" என்று பிரெஞ்சு மரியாதை வைத்துக் கேட்டார்.

"குறடு."

"குறடு எதுக்கு?"

"சுத்தியல் செய்ய."

"சுத்தியல் எதுக்கு?"

"அரிவாள்..." என்று ஆரம்பித்தவருக்குப் புகை தொண்டையில் ஏறி இருமல் வந்துவிட்டது.

சிப்பாய் முகம் மாறியது. "சுத்தியலும் அரிவாளுமா? சர்க்கார் உத்தியோகத்துல இருந்துகிட்டா?"

நான் துருத்தியை விட்டுவிட்டு, "அரிவாள்மணைங்க. காய் நறுக்குறது" என்றேன். உள்ளே ஓடிப்போய் அதை எடுத்துவந்தும் காட்டினேன். அலகு தனியாக என் கையோடு வந்தது. அதைப் பார்த்ததும் அவர் இரண்டடி பின்னால் போனார். நாய்களையும் நங்கூரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஆயுதப் பேச்சு அலுவலகத்துக்கும் எட்டியிருக்க வேண்டும். மறுநாள் அங்கே, அதுவரை இவரை 'ஏய்' என்று கூப்பிட்ட மேலதிகாரி எழுந்து நின்று கைகொடுத்து, உடம்பு சௌக்கியமா என்று விசாரித்தாராம். அந்த வாரமே ஒரு சாயங்காலம் புடவைக்கடைக்காரரின் மகன் வந்தார். சைக்கிளில் இந்தியக் கொடி கட்டிக்கொண்டு திரிந்த இளைஞர்களுக்கு அவர்தான் தலைவர்.

"எங்களுக்கு எல்லாம் தெரியுங்க" என்றார் குரலைத் தாழ்த்தி. "எத்தன ஆச்சு?"

"ஒண்ணுதான். அதுவும் வாய் சரியா மூடல" என்றார் என் கணவர் வருத்தத்தோடு.

"மூடலன்னா?"

"நல்லா சூடாக்கி இன்னும் ரெண்டு போடு போட்டா வழிக்கு வந்துரும்."

அந்த இளைஞர் கண்கலங்கிவிட்டார். "ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்லி, என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார்.

"செய்யிறது குறடுன்னு தெளிவா சொல்லிடுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"சிப்பாய்கிட்ட சொன்னேன், நம்பல. இவரு கேக்கவே இல்ல. நான் என்ன பண்றது?" என்றார். ஆனால் அன்றிலிருந்து நடையே மாறிவிட்டது. தெருவில் போகும்போது யாரோ பின்தொடர்வது போல அடிக்கடி திரும்பிப் பார்ப்பார். யாரும் வராவிட்டால் முகம் வாடிவிடும்.

பங்குனியில் நானே அரிவாள்மணையைப் போலகத்துக்கு எடுத்துப்போனேன். கொல்லர் ஒரு ஆப்பு வைத்து இறுக்கி உடனே கொடுத்துவிட்டார். வீட்டில் காட்டினேன்.

"சரி, அத விடு. நான் இத அதுக்காகச் செய்யல" என்றார்.

எதற்காகச் செய்தார் என்று நானும் கேட்கவில்லை. ஆனி ஆடிக்குள் குறட்டின் தாடைகள் ஒன்றையொன்று பார்க்கத் தொடங்கின. வண்டி அச்சுத் துண்டில் ஒரு சுத்தியலும் ஒரு உளியும் ஆயின. ஐப்பசி மழையில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியது. மேரியில் அதே நாற்காலியில் அதே ஆட்கள் உட்கார்ந்தார்கள். நேற்றுவரை 'வீவ் லா பிரான்ஸ்' என்று பிரான்சை வாழ்த்தியவர்கள் கதர் வாங்க வரிசையில் நின்றார்கள்.

சில நாள் கழித்து ஒரு பாராட்டுக் கூட்டம். புடவைக்கடைக்காரர் மகன் இவரை மேடையில் ஏற்றி, "கொல்லைப்புறத்தில் உலை மூட்டிய வீரர்" என்று சொல்லி, நாலு வார்த்தை பேசச் சொன்னார். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, குறடு செய்வது எப்படி என்று பேசினார். அதைத் தவிர எதையும் பேசவில்லை.

"ரெண்டு கம்பியும் தனித்தனியா இருந்தா எதையும் பிடிக்க முடியாதுங்க. நடுவுல ரிவிட் வேணும். ரொம்ப இறுக்கினா தெறக்காது, தளர்த்தினா நிக்காது" என்றார்.

கைதட்டல் கொட்டகையைத் தூக்கியது. பக்கத்தில் இருந்த அம்மாள், "நம்ம ஊரும் இந்தியாவும் சேந்தத எவ்வளவு ஆழமா சொல்றாங்க பாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தலையாட்டினேன்.

மாலையைக் கையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். அவர் தனக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். புகழ் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தெருமுனையில் நின்று, "துளை போடுற பக்குவத்த விட்டுட்டேன்" என்றார். "அதான் முக்கியம். யாருமே கேக்கல பாரு."