அம்மா பாடிய ‘ப’

நாட்டுக்குப் புதுக் கொடியும் புதுப் பாட்டும் வந்த வருஷம் எனக்குப் பத்து வயது. ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறேன் என்ற தலைக்கனம் அந்த வயதுக்குக் கொஞ்சம் அதிகம்தான். செம்பவாங்கில் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டாள்.

குடியிருப்புத் திடலில் கொடி ஏற்றப்போகிறார்கள், எல்லாரும் சேர்ந்து பாட வேண்டும் என்று தகவல் வந்தது. வாயை அசைத்தால் போதும், யார் கவனிக்கப்போகிறார்கள் என்றார் அப்பா. அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. விளையாடக் கிளம்பிய என்னைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“மலாய்ல இருக்காமே. தமிழ் எழுத்துல எழுதிக் குடு பாப்பா. ஒரு எழுத்துகூட விட்டுறாத.”

பள்ளியில் பாடிப் பாடி எங்களுக்கு அது மனப்பாடம். ஐந்து நிமிடத்தில் கிறுக்கிக் கொடுத்துவிட்டு ஓடினேன். ஆங்கிலத்தில் p, b என்று இரண்டு எழுத்தாக இருப்பது தமிழில் ஒரே ‘ப’தான், ‘க’வும் அப்படித்தான். எதை அழுத்த வேண்டும், எதை மெல்லச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித் தரவில்லை.

அம்மாவுக்கு மலாய் தெரியாமலில்லை. மீன்காரரிடம் அவள் பேரம் பேசுவதைக் கேட்க வேண்டும், அத்தனை சரளம். ஆனால் தமிழில் பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று இல்லையா? மலாயிலும் மேடைக்கென்று ஒரு செம்மலாய் இருக்கும் என்று அவளாக முடிவு கட்டிக்கொண்டாள். நன்றாகத் தெரிந்த சொல்லைக்கூடத் தாளில் இருந்தபடியே படித்தாள். ஒரு வாரம் துணி துவைக்கும்போதும் மாவு அரைக்கும்போதும் அதே பாட்டுத்தான். நான் நின்று கேட்கவேயில்லை.

கொடியேற்றும் நாளன்று, தீபாவளிக்குச் சிராங்கூன் ரோட்டில் எடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். சுற்றி எல்லாரும் முணுமுணுக்க, அம்மா மட்டும் நிமிர்ந்து நின்று வாய்விட்டுப் பாடினாள். ஒவ்வொரு ‘ப’வும் பட்டாசு மாதிரி வெடித்தது. முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு பெரியவர்கள் சிலரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அவள் பக்கத்திலிருந்து மெல்ல நழுவி, என் வகுப்புத் தோழியோடு போய் ஒட்டிக்கொண்டேன்.

“யாரு அந்த ஆன்ட்டி? ஏன் இப்படிப் பாடுறாங்க?” என்று அவள் கேட்டாள்.

“தெரியாதுலா,” என்றேன்.

இரண்டு எட்டுத் தள்ளி நின்ற அம்மாவின் குரல் சட்டென்று நின்றது. பாட்டு முடியும்வரை உதடு மட்டும் அசைந்தது. வீட்டுக்கு வந்து என்னைத் திட்டக்கூட இல்லை, சோறு போட்டாள். அதன்பிறகு எத்தனையோ கொடியேற்றங்களுக்கு வந்தாள், நின்றாள், பாடவில்லை. தனிநாடு ஆன பிறகு ஒருமுறை அப்பாவே பாடச் சொன்னபோது, தொண்டை சரியில்லை என்றாள். தப்பு நான் எழுதிக் கொடுத்ததில்தான் இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி நான், கடைசிவரை சொல்லவில்லை.

அம்மாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போன மறுநாள், சின்னம்மா பழங்கதை பேசிக்கொண்டிருந்தார். அக்காவும் தங்கையும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது வெள்ளைக்காரன் தன் ராஜாவுக்காகப் பாட வைத்தானாம். பிறகு ஜப்பான்காரன் வந்து, காலையில் கிழக்கே பார்த்து நிற்கவைத்து அவன் பாட்டைப் பாட வைத்தான். ஒரு சொல் பிசகினாலும் கன்னத்தில் அறை. அம்மா இரண்டு முறை வாங்கியிருக்கிறாள்.

யாருக்கும் பயப்படாமல், தானாகக் கேட்டு எழுதி வாங்கி, அம்மா பாடிய முதல் நாட்டுப்பண் அது. அதை நிறுத்தியது நான்தான் என்பது பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை.