மந்திரித்த டப்பா

கடைசிவரை மனுவேலுக்கு இருந்தது ஒரே ஆசைதான். அந்த டப்பா தன்னுடையது என்று ஏதாவது ஒரு நீதிபதி சொல்லிவிட வேண்டும்.

சங்கு குளிக்கப் போகிறவர்களுக்குப் படகிலிருக்கும் கம்ப்ரசர்தான் குழாய் வழியாக மூச்சுக் கொடுக்கும். கூடவே எஞ்சின் புகையையும் கொடுக்கும். கரைக்கு வந்து கறுப்பாகத் துப்புவார்கள். திரேஸ்புரத்தில் லேத் பட்டறை வைத்திருந்த மனுவேல், புகையை வடிகட்ட அடுக்கடுக்காகத் தேங்காய்ச் சிரட்டைக்கரி வைத்து ஒரு டப்பா செய்தான். அதற்குக் காப்புரிமையும் வாங்கினான். வெளியூர்க் கம்பெனி ஒன்று அதையே பளபளவென்று செய்து விற்க ஆரம்பித்ததும் வழக்குப் போட்டான்.

தோற்றான். தோற்கடித்தது அவனுடைய பக்திதான்.

இந்தக் கரையில் வள்ளமோ வலையோ எஞ்சினோ, சர்ச்சிலிருந்து சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்காமல் கடலைத் தொடாது. டப்பாவையும் மந்திரித்தார்கள். தீர்த்தம் உள்ளே விழட்டும் என்று மனுவேல் மூடியைத் திறந்து வைத்தான். அதோடு விட்டிருக்கலாம். மைக்கைப் பிடித்து, எந்த அடுக்கு எதற்கு என்று ஊருக்கே விளக்கினான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். மனைவி விஜிலாவின் தம்பி, சங்கு குளிக்கிற ஜாக்சன், அத்தான் பெருமை உலகத்துக்குத் தெரியட்டும் என்று படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டான். காப்புரிமைக்கு மனுப் போட்டது அதற்கப்புறம். கம்பெனி வக்கீல் அந்தப் படத்தைக் கோர்ட்டில் ஓட்டிக் காட்டினார். மனுப் போடும் முன்பே ஊரறிந்த பொருளுக்குக் காப்புரிமை கிடையாது என்று அதை ரத்து செய்துவிட்டார்கள். அப்பீலும் போயிற்று.

அன்றோடு ஜாக்சன் அவனுக்குச் செத்தவன் ஆனான். விஜிலா தம்பி பேரை எடுத்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவான்.

மிச்சமிருந்தது சுப்ரீம் கோர்ட்டில் சிறப்பு அனுமதி மனு. காயல்பட்டினத்து வக்கீல் அஃப்ஸல் ஒளிக்காமல் சொன்னார். "அண்ணாச்சி, இது நம்ம உரிமை இல்ல. அவுகளா மனசு வச்சுக் கதவத் தொறந்தாத்தான் உண்டு."

திறப்பார்கள் என்று மனுவேல் நம்பினான். விசாரணையை அஃப்ஸலின் ஆபீஸில் கம்ப்யூட்டரில் பார்த்தான். மனுப் போடும் முன்பே ஊருக்குக் காட்டினாரா என்று டெல்லியில் நீதிபதி கேட்டார். மந்திரிக்கத்தான் காட்டினார் என்றார் அங்கே மனுவேலுக்காக நின்ற வக்கீல். நீதிபதிகளில் ஒருவர் லேசாகச் சிரித்தார். தள்ளுபடி. வாதம் ஆரம்பிக்கவே இல்லை. மனுவேலுக்குத் தோற்றதைவிட அந்தச் சிரிப்புதான் நெஞ்சை அறுத்தது.

மறுநாளே ஜாக்சன் பட்டறை வாசலில் வந்து நின்றான். நேரம் தெரியாதவன். பழைய டப்பா துருப்பிடித்துவிட்டது, புதிதாக ஒன்று வேண்டும், கம்பெனி டப்பாவில் தலை சுற்றுகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அலமாரியில் மூன்று நான்கு டப்பாக்கள் இருந்தன. இரண்டு பேருமே அவற்றைப் பார்த்தார்கள்.

"படம் புடிச்சுக் குடுத்தல்லா, அவன்ட்டயே போய் வாங்கு" என்றான் மனுவேல்.

ஜாக்சன் திரும்பிப் போனான். அந்த வாரமே அவனைக் கடலுக்கடியிலிருந்து குழாயோடு இழுத்துப் படகில் போட்டார்கள். கரை சேருமுன் உயிர் போயிருந்தது. படகிலிருந்த கம்பெனி டப்பாவை மனுவேல்தான் உடைத்துப் பார்த்தான். அடுக்கு இருந்தது. கரி இல்லை, வெறும் பஞ்சு.

கூட்டம் அவனையே பார்த்தது. "மனுவேல் டப்பாதான் கொன்னுட்டு" என்று யாரோ சொன்னார்கள். திரேஸ்புரத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் அதற்குப் பேர் மனுவேல் டப்பாதான். எந்தக் கோர்ட்டாலும் ரத்து செய்ய முடியாத பேர் அது. போலீஸ்காரர் உடைந்த டப்பாவைக் கையில் எடுத்து, யாருடையது என்று கேட்டார்.

தம்பியின் தலையை மடியில் வைத்திருந்த விஜிலா நிமிர்ந்தாள். அழவில்லை.

"கோர்ட் கோர்ட்டா ஏறி என்னுது என்னுதுன்னு சொன்னீயல்லா. இவுகட்டயும் சொல்லுங்க."

மனுவேல் டப்பாவைப் பார்த்தான், போலீஸ்காரரைப் பார்த்தான். மச்சினன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"என்னுது இல்ல சார்" என்றான்.

மூன்று கோர்ட்டு சொல்லியும் ஒத்துக்கொள்ளாததை அன்றைக்குத் தன் வாயாலேயே சொன்னான்.