இருபத்திரண்டு வருட ஐஸ்

வெர்லீன் டாஸ்பி சிகாகோவில் பிறந்தவள். ரூஃபஸைக் கட்டிக்கொண்டு கிழக்கு டெக்சாஸில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து, தபால் வண்டி ஓட்டுகிறாள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக்கு மகனின் கடிதம் வரவில்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இருந்தும் என்ன, ஜூன் பத்தொன்பது விடுதலை நாள் விருந்துக்கு யார் என்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியலில் இருபத்திரண்டு வருடமாக அவள் பெயருக்கு நேரே ஒரே சொல்தான்: ஐஸ்.

கறுப்பர்களான எங்களுக்கு உருளைக்கிழங்கு சாலட் சாதாரண விஷயமில்லை. யார் செய்தது என்று கேட்காமல் ஒருவரும் தட்டில் வாங்கமாட்டார்கள். கைப்பக்குவம் தெரியாதவர்கள் கொண்டுவர வேண்டியது காகிதத் தட்டு, சோடாவில் போட ஐஸ். பட்டியல் போடுவது ஒசெல்லா புரூவிட். சபையில் பாஸ்டருக்கே அவளிடம் பயம்.

ஞாயிறுதோறும் வெர்லீன் செய்த சாலடைத் தின்றுவிட்டு, "கடுகு இன்னும் கொஞ்சம்" என்பான் ரூஃபஸ். போன குளிர்காலத்தில் அவனும் போய்ச் சேர்ந்தான். பிள்ளைகள் இல்லை. இந்த வருடமும் பட்டியலில் ஐஸ்தான். 'இந்த ஊருக்கு நான் யார்தான்?' என்று கேட்டுக்கொண்டாள். ஐஸ் பெட்டியோடு ஒரு பாத்திரம் சாலடையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

காலையில் சபைத் திடலில், அடிமைத்தனம் ஒழிந்ததும் இந்த நிலத்தை வாங்கிய பதினோரு குடும்பங்களின் பெயரை வழக்கம்போல் ஒசெல்லா வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் குடும்பத்தார் எழுந்து நிற்க, கைதட்டல். "டாஸ்பி" என்றபோது யாரும் எழவில்லை. வெர்லீன் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் சுட்ட இறைச்சி பறந்தது, சிவப்பு சோடா தீர்ந்தது. அவள் பாத்திரத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

"யாரு செஞ்சதுன்னே தெரியலயே," என்றான் லாரி ஓட்டும் லெமுவல். "நான் புள்ளகுட்டிக்காரன்பா."

ஒசெல்லா வந்து நின்றாள். "இத யாரு வச்சது?"

ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த வெர்லீன், "நான்தான்க்கா" என்றாள்.

"உனக்கு ஐஸுதான எழுதுனேன்?"

"ஐஸும் இருக்கு. இருபத்திரண்டு வருஷமா தண்ணிய உறைய வச்சே கொண்டாரேன். வேற ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சீங்களா?"

லெமுவல் விசிலடித்தான். ஒசெல்லா ஒரு கரண்டி எடுத்து மெதுவாக மென்றாள். இன்னொரு கரண்டி. பிறகு தட்டு நிறைய அள்ளிக்கொண்டாள். லெமுவலும் தட்டை நீட்டினான்.

"தள்ளி நில்லுடா. நீ புள்ளகுட்டிக்காரன்," என்றாள் ஒசெல்லா.

"அப்ப அடுத்த வருஷம் ஐஸ் யாரு?" என்றான் லெமுவல்.

ஒஹாயோவிலிருந்து புதிதாக வந்திருந்த பாஸ்டரை ஒசெல்லா ஒரு பார்வை பார்த்தாள். பாவம், அவர் தலையாட்டிவிட்டார்.

பிறகு வெர்லீனிடம் குரலைத் தணித்தாள். "காலையில ஏன்டி எந்திரிக்கல?"

"நான் வந்தவதானக்கா. ரூஃபஸோட டாஸ்பி முடிஞ்சுபோச்சு."

"நல்லா இருக்கே கதை! நெலம் வாங்குன பதினோரு பேருல எவன் இங்க பொறந்தான்? அடிமையா வித்த எடத்துலேருந்தெல்லாம் வந்தவங்கதான அத்தன பேரும்?"

ஒசெல்லா கையில் தட்டோடு திரும்பி, காலையில் வாசித்த அதே குரலில் திடல் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"டாஸ்பி!"

வெர்லீன் எழுந்து நின்றாள்.