முனியாண்டிக்குக் கை வைக்க ஹேவாஹெட்டைக்கு

ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை ஐந்து மணிக்குக் கண்டியிலிருந்து புறப்பட்டேன். ஹேவாஹெட்டைக் கோப்பித் தோட்டங்கள் பதினெட்டு மைல். காதர் நானாவின் ஒற்றை மாட்டு வண்டிக்குப் போக வர மூன்று ரூபாய் பேசியிருந்தேன்.

போன காரியம் இது. கட்டுகஸ்தோட்டையில் ஆற்றங்கரையோரம், மாத்தளை ரோட்டைப் பார்த்தபடி ஒரு முனியாண்டி சிலை உண்டு. இரண்டு ஆள் உயரம், செங்கல்லும் சுண்ணாம்பும். தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து காட்டுவழியாக நடந்து வரும் சனங்கள் அவரைக் கண்டதும்தான் கண்டி வந்துவிட்டதென்று மூட்டையை இறக்குவார்கள். அந்த வருஷ மழையில் மரம் சாய்ந்து, அரிவாள் பிடித்த வலக்கையும் பாதி முகமும் பெயர்ந்து போயின. கண்டிக் கடைக்காரர்கள் திருப்பணிக் கமிட்டி வைத்தார்கள். சிலைக்கு எதிரே அரிசிக்கடை வைத்திருப்பவன் என்பதால் தோட்டங்களில் பணம் கேட்கும் வேலை எனக்கு வந்தது.

பத்து மணிக்குத் தலாத்துஓயாவில் மாட்டை அவிழ்த்து இளைப்பாறினோம். அதற்குமேல் ஏற்றம்; மாடு திணறியதால் இறங்கி நடந்தோம். காட்டை வெட்டிச் சுட்ட கரிய அடிமரங்கள், அவற்றினிடையே வரிசை வரிசையாகக் கோப்பிச் செடிகள்.

"இந்தச் சனத்துக்கிட்டயா மொதலாளி காசு கேக்கப் போறீங்க?" என்றார் காதர் நானா. "அரை வயித்துக்கு வேல செய்றாங்க."

"அவங்க சாமி நானா. குடுப்பாங்க."

மாலை நாலரைக்கு, தோட்டத்து வேலையாட்கள் குடியிருக்கும் லயத்தை அடைந்தோம். கோப்பிப் பழத்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சனங்கள் திரும்பும் நேரம். கங்காணி எல்லாரையும் முற்றத்தில் கூட்டினார். சிலையின் நிலையைச் சொன்னேன். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் கேட்பதற்கு முன்பே முந்தானை முடிச்சுகள் அவிழ்ந்தன.

கடைசியாகச் செல்லாயி என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். ஒரு முழு ரூபாய் கொடுத்தாள்.

"அந்தச் சாமி காலடியிலதான்யா எங்க வீட்டுக்காரரப் போட்டுட்டு வந்தேன். வாந்திபேதி. நல்ல மழ. எதுத்தாப்புல அரிசிக்கட விறாந்தையில படுக்க வச்சோம். சீக்கு ஒட்டிக்கும்னு உள்ள இருந்தே கத்தி வெரட்டிட்டாங்க. சாமிகிட்டத் தூக்கிட்டுப் போனோம். அங்கயே முடிஞ்சிருச்சு. சாமிக்குக் கை வச்சதும், பக்கத்துல நாலு கம்பு நட்டு ஒரு கூரை போடச் சொல்லுங்கய்யா."

"சொல்றேம்மா" என்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து நான் விரட்டியவர்கள் ஒருவர் இருவரல்ல. எந்த மழையில், எந்தப் பெண் என்று எனக்கு நினைவில்லை.

சனிக்கிழமை காலை வேறு இரண்டு தோட்டங்களுக்குப் போய்விட்டு, ஞாயிறன்று திரும்பும் வழியில் அவளைத் தேடிப் போனேன். ரூபாயை நீட்டி, "அந்தக் கட என்னோடதும்மா" என்றேன்.

அவள் வாங்கவில்லை.

"தெரியும்யா. நீங்க முற்றத்துல பேச ஆரம்பிச்சதுமே கொரல் தெரிஞ்சிருச்சு. அதனாலதான் கூரைய ஒங்ககிட்டக் கேட்டேன்."



திங்களன்று கமிட்டி கூடியது. கூரையைப் பற்றிச் சொன்னேன். தலைவரான துணிக்கடைக்காரர் சிரித்தார்.

"கூரை போட்டா வர்ற சீக்காளியெல்லாம் அங்கயே விழுந்து கெடப்பான். அப்புறம் ஊருக்குள்ள பரவும். ஒம்ம கடதான் எதுக்க இருக்கு, யோசியும்."

யோசித்தேன். அதற்குமேல் பேசவில்லை.

தை மாதம் வேலை முடிந்தது. முனியாண்டிக்குப் புதுக் கை, புது அரிவாள், முறுக்கிய மீசை. தோட்டங்களிலிருந்து நான் கொண்டுவந்த பணத்தில் மிச்சமிருந்தது. அதில், காலடியில் யாரும் படுக்காதபடி சுற்றிலும் ஆளுயர இரும்பு வேலி போட்டார்கள்.

சிலைக்குக் கண் திறந்த அன்று, இருபத்தொரு மைல் நடந்து செல்லாயி வந்திருந்தாள். கம்பிகளுக்கிடையே கையை விட்டுப் பார்த்தாள். சாமியின் கால் எட்டவில்லை. வேலிக்கு வெளியே மண்ணில் கற்பூரத்தை ஏற்றிக் கும்பிட்டாள். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து போனாள்.

கூரை எங்கே என்று அவள் கேட்கவேயில்லை. கேட்டால் கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல, பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.