குளிசைக்கு முந்தியா, பிந்தியா

2024 ஓகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை. 5.20க்கு எழுந்தேன். நிறை 63.4 கிலோ. இரத்த அழுத்தம் 134/86, ஐந்து நிமிடம் கதிரையில் சாய்ந்திருந்த பிறகு, இடது கையில். இடது கெண்டைக்கால் சுற்றளவு 36.5 சென்ரிமீற்றர், வலது 34. ஆறு மணிக்கு உப்பளத்தில் எட்டுப் பாத்திகளிலும் நீரின் உப்புச் செறிவை அளந்து எழுதினேன். இருபத்தைந்து பாகையைத் தாண்டினால் உப்புப் படியத் தொடங்கும் என்பதால், இந்த வெயில் காலத்தில் தினமும் அளக்க வேண்டும். ஆறு மணிக்கே அளக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் நீர் சூடாகிச் செறிவைக் குறைத்துக் காட்டும். போன மாதம் கங்காணி பதினொரு மணிக்கு அளந்து எழுதியதைச் சிவப்புப் பேனையால் வெட்டி, பக்கத்தில் “ஒப்பிட முடியாது” என்று எழுதினேன். அவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

6.40க்குப் பாணும் தேத்தண்ணியும். மூன்று ஈஸ்ட்ரோஜன் குளிசைகள், மொத்தம் ஆறு மில்லிகிராம். 7.05 பஸ்ஸில் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் நம்பர் 41.

மூன்று வாரமாக இடது கால் வீங்கியிருந்தது. போன வாரம் ஸ்கேன் செய்ததில் இரத்தக்கட்டி இல்லை என்று வந்தது. இன்றைய கிளினிக் அதற்கு அடுத்த முடிவுக்காக: இந்தக் குளிசை எனக்குத் தொடருமா, நிற்குமா? எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வாயால் விழுங்கும் ஈஸ்ட்ரோஜன், வயது ஏற ஏற, இரத்தம் கட்டும் அபாயத்தைக் கூட்டும். நிறுத்தினாலோ, சத்திரசிகிச்சை செய்த என் உடம்பு தானாகப் போதியளவு ஹோர்மோன் எதையும் சுரக்காது, எலும்பு தேயும். அதை விட, நாற்பது வயதுவரை நான் இருந்த இருப்புக்குத் திரும்பிப் போவதுபோன்ற பயம். இதை ஒவ்வொரு முறையும் ஒரு புது டொக்டருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். இரண்டு வருடத்தில் இவர் ஐந்தாமவர்.

12.10க்குக் கூப்பிட்டார்கள். டொக்டர் மட்டக்களப்புப் பக்கத்துப் பெண். கொம்பியூட்டரைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஐம்பத்திரண்டு வயசு. மத்தப் பொம்பிளையளுக்கு இந்த வயசில தானா நிண்டு போகும் அம்மா. நீங்களும் நிப்பாட்டினா என்ன?”

“நிப்பாட்டினா என் எலும்புக்கு என்ன தருவீங்க, டொக்டர்?”

அவர் இப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். “சரி. நிப்பாட்டாம தோலில ஒட்டுற பட்டைக்கு மாத்தலாம். அதில இரத்தம் கட்டுற பயம் குறைவு. ஆனா எந்த அளவில தொடங்கிற? இதில ரெண்டு வருஷ ரிப்போர்ட்தானே கிடக்கு.”

மிச்சம் பத்து வருடம் இன்னொருவரின் பெயரில் கிடக்கிறது. இங்கே அடையாள அட்டை எண்ணில், பிறந்த நாள் வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு ஆணுக்கு அப்படியே இருக்கும். பெண்ணுக்கு அதோடு ஐந்நூறு கூட்டுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் நான் பெண் என்று சான்றிதழ் கிடைத்தபோது எனக்கும் ஐந்நூறு கூடியது. அன்றிலிருந்து அந்தக் கொம்பியூட்டருக்கு நாங்கள் இரண்டு பேர். இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை கடிதம் கொடுத்தேன். மூன்று முறையும் “பார்ப்போம்” என்றார்கள்.

அதனால்தான் எனக்குக் கொப்பி. பையிலிருந்து எடுத்து நீட்டினேன். பன்னிரண்டு வருடத்து ஹோர்மோன் அளவு, ஈரல், கொழுப்பு, சீனி, எல்லாம் நிரல் கீறி எழுதியது. டொக்டர் பக்கங்களைப் புரட்டினார்.

“இவ்வளவு வடிவா எழுதின கொப்பி நான் காணல்ல.” எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியதை ஒத்துக்கொள்கிறேன். பிறகு அவர் விரல் ஹோர்மோன் நிரலில் நின்றது. “48. பிறகு 210. பிறகு 61. பிறகு 190. ஏன் இப்பிடி ஏறி இறங்குது?”

“அதைத்தான் நானும் எல்லா டொக்டர்மாரிட்டயும் கேக்கிறன்.”

“இரத்தம் எடுத்தது குளிசை போட முந்தியா, போட்ட பிறகா?”

நான் கொப்பியை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். திகதி எழுதியிருந்தேன், ஆய்வுகூடத்தின் ரசீது இலக்கம்கூட எழுதியிருந்தேன். மணி எழுதவில்லை.

“விழுங்கிச் சில மணித்தியாலத்தில எடுத்தா ஏறிக் காட்டும். அடுத்ததை விழுங்க முந்தி எடுத்தா இறங்கிக் காட்டும். ரெண்டையும் பக்கத்தில வச்சு ஒண்டும் சொல்லேலாது அம்மா,” என்றார். நாளைக் காலை குளிசை போடாமல் வந்து இரத்தம் கொடுக்கச் சொன்னார். அளவைப் பார்த்த பிறகே பட்டை எழுதுவாராம். அதுவும் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும்.

பின்னேரம் அடுத்த வீட்டுத் தாத்தா வேலிப் பக்கம் வந்தார். மூத்த சகோதரியைத் தாத்தா என்பது இங்குள்ள முஸ்லிம்களின் வழக்கம். தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து வந்த இந்தப் பெண் எனக்கும் தாத்தாதான்.

“என்ன தங்கச்சி, டொக்டர் ஏசினாவா?”

“ஏசல்ல தாத்தா. ஒண்டு கேட்டா. ஏசியிருந்தா நல்லம்.”

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். “என்ட பூன சத்தி எடுத்த மணியையும் எழுதி வெச்ச ஆளு நீ! ஒன்ட ரெத்தத்துக்கு மணி இல்லியா?” பிறகு சிரிப்பை நிறுத்தினார். “சீனி பாக்குற நாளெண்டா நீ வெறும் வயித்தோட போவா. திரும்பி வந்து என்ட வாசல்ல நிண்டுதானே பாணுக்குக் கத்துவா? அண்டைக்குக் குளிசையும் போட்டிருக்க மாட்டா.”

ஓம். நான் சாப்பிடாமல் குளிசை விழுங்குவதில்லை. உள்ளே போய்க் கொப்பியை விரித்து அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். ஹோர்மோன் அளவு குறைந்த எல்லா நாட்களிலும் பக்கத்து நிரலில் வெறும் வயிற்றுச் சீனியும் இருந்தது. உயர்ந்த நாட்களில் அந்தக் கட்டம் வெறுமை. 48 வந்த நாளிலும் சீனி இருந்தது. அந்த 48ஐக் காட்டித்தான் இரண்டு வருடத்துக்கு முன் அப்போதைய டொக்டரிடம் நச்சரித்தேன், அளவு போதாது, கூட்டித் தாருங்கள் என்று. நான்கு மில்லிகிராம் ஆறானது என் வற்புறுத்தலால். கால் வீங்கியதற்கு அதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. தேவையில்லாமல் இரண்டு வருடம் கூடுதலாக விழுங்கியிருக்கலாம் என்பது மட்டும் தெரிகிறது. ஐந்து டொக்டர்மாரில் நால்வர் ஏன் இதைக் கேட்கவில்லை என்ற கோபம் முதலில் வந்தது. ஆனால் நிரல் கீறியது அவர்கள் அல்லவே.

கங்காணிக்குப் போன் எடுத்து, நாளை நான் பிந்தி வருவேன், பாத்திகளை நீங்கள் அளந்து எழுதுங்கள் என்றேன்.

“பதினொரு மணிக்கு அளக்கட்டா, மிஸ்?” என்றார். பிறகு அவரே பாவம் பார்த்து, “ஆறு மணிக்கு அளக்கிறன். மணியையும் எழுதுறன்,” என்றார்.

மறுநாள் காலை 5.15க்கு எழுந்தேன். குளிசைப் பெட்டியைத் தொடவில்லை. முதல் வேலையாகக் கொப்பியில் திகதிக்கும் ஹோர்மோன் அளவுக்கும் இடையில் ஒரு புதிய நிரல் கீறி எழுதினேன்: கடைசிக் குளிசை, நேற்றுக் காலை 6.40.