இடப்பக்க இருக்கை

லண்டனுக்கு வந்த பதினெட்டு வருடங்களில் குகதாசன் ஏழு வான்கள் ஓட்டியிருந்தார். ஏழும் வேறு யாரோ ஓட்டித் தேய்த்த வான்கள். ஹரோவிலும் அக்கம்பக்கத்திலும் வீடுகளின் பின்வளவுகளுக்கு மரவேலி அடித்துக் கொடுப்பது அவருடைய தொழில். காற்று பலமாக வீசிய மறுநாள் அவருடைய போன் ஓயாது. 2006ஆம் ஆண்டு ஏப்ரலில், ஐம்பத்தொரு வயதில், முதல் தடவையாகப் புது வாகனம் ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்தார். வான் அல்ல, பின்னால் திறந்த தட்டு வைத்த பெரிய பிக்கப்.

விற்பனை நிலையத்தில் தந்த புத்தகம் ஒரு மாதமாகக் குசினி மேசையிலேயே கிடந்தது. மனைவி நகுலேஸ்வரி பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து வந்ததும் அதைத் தூக்கி அவளிடம் கொடுப்பார்.

"நீ வாசி, நான் கேக்கிறன்."

அவள் வாசிப்பாள். அடி மொடல் பன்னிரண்டாயிரத்து நானூறு பவுண். இரண்டு பேர்தான் இருக்கலாம், ஆனால் பின்தட்டு நீளம். ஆறடி வேலிப்பலகையைப் படுக்கவைத்துக் கொண்டு போகலாம். நடு மொடல் பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரம். நான்கு கதவு, ஐந்து பேருக்கு இடம், ஏசி உண்டு; ஆனால் தட்டு ஐந்தடிதான், பலகை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உச்ச மொடல் பதினெட்டாயிரத்து எழுநூறு. தட்டு அதே ஐந்தடி. தோல் இருக்கை, ஏறுவதற்குப் படி, குளிருக்குச் சூடாகும் ஆசனம். மூன்றுக்கும் வரி வேறு.

தொழிலுக்கு அடி மொடல்தான் சரி என்பது குகதாசனுக்குத் தெரியும். ஆனால் லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போகும் நாட்களில் நகுலேஸ்வரி வான் இருக்கையில் பழைய துவாயை விரித்துவிட்டுத்தான் சேலையோடு ஏறுவாள். இறங்கும்போது எப்படியும் சீமெந்துத் தூசு ஒட்டியிருக்கும். அதைப் பற்றி அவள் ஒருநாளும் முறைப்பட்டதில்லை. அதனாலேயே அவருடைய மனம் உச்ச மொடலிலேயே போய் நின்றது.

அவள் இல்லாத நேரம் தானே பட்டியலைப் பார்ப்பார். விரலை எடுத்தால் பார்த்துக்கொண்டிருந்த வரி தொலைந்துவிடும். படியின் விலையைத் தேடிப் போனவர் ரேடியோவின் விலையில் நிற்பார். எழுத்து சின்னன், கண்ணாடி பழசு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை இருவரும் உச்ச மொடலை ஓட்டிப் பார்க்கப் போனார்கள். நகுலேஸ்வரி படியில் கால் வைத்து, சேலையைத் தூக்காமலே ஏறிப் பின்னால் அமர்ந்தாள். கதவைச் சாத்தியதும் அவள் தோலைத் தடவிப் பார்த்ததை அவர் கண்ணாடியில் கண்டார். விற்பனைக்கார இளைஞன் அவருக்கு இடப்பக்கம் இருந்து ஒவ்வொரு பொத்தானுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தான். இரண்டாவது சந்தியில் குகதாசன் இடப்பக்கம் திருப்பினார். இளைஞன் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து மறுபக்கம் இழுத்தான். வெளியே ஏதோ உரசும் சத்தம் கேட்டது.

பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று சைக்கிளோடு நடைபாதையில் விழுந்து கிடந்தது. முழங்கை தோல் உரிந்திருந்தது, வேறு காயமில்லை. குகதாசன் இறங்கி அந்தச் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார்.

"எங்கையிருந்து வந்தது?" என்று மனைவியைக் கேட்டார்.

"எங்களுக்கு முன்னாலதானே போய்க்கொண்டிருந்தது. நீங்கள் காணேல்லையோ?"

"காணேல்லை."

வாகனத்தை இளைஞனே ஓட்டித் திரும்பினான்.

கண் ஆஸ்பத்திரியில் அவரை ஒரு மெஷினுக்குள் பார்க்கவைத்து, வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். நீண்ட நேரம் ஒன்றும் தெரியவில்லை. மெஷின் பழுதாகிவிட்டது என்றே நினைத்தார். பிறகு டொக்டர் படத்தைக் காட்டினார். இரண்டு கண்ணிலும் பார்வை போன இடம் அதில் கறுப்பாகக் கிடந்தது, இடப்பக்கம் கூடுதலாக. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொன்றுவிட்டது. மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், போனது திரும்பாது. ஒரு வருடம் முந்தி வந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்றும் டொக்டர் சொன்னார். லைசன்ஸைத் திருப்பிக் கேட்டு ஆறு கிழமையில் கடிதம் வந்தது.

புவனேசனை வீட்டுக்குக் கூப்பிட்டு அவரே சொன்னார். ஒன்பது வருடமாக அவரோடு வேலை செய்தவன், வால்தம்ஸ்டோவில் தனியறை எடுத்து இருப்பவன். நான்கு தரம் டிரைவிங் பரீட்சையில் தோற்று, இனி வேண்டாம் என்று விட்டவன். நாள் முழுக்க வானில் அவருக்குப் பக்கத்தில் இருப்பது அவன்தான். செய்தியைக் கேட்டு அவன் திடுக்கிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்குத் தெரியும் அண்ணை. ஒரு வருசத்துக்கு மேலை."

ஒவ்வொரு நாளும் "அண்ணை, சைக்கிள் வருது", "அண்ணை, கிழவி கடக்கிறா" என்று அவன் சொல்லிக்கொண்டு வந்தது அப்போதுதான் குகதாசனுக்கு உறைத்தது. வாய் ஓயாத பெடியன் என்றே அதை அவர் எண்ணியிருந்தார்.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் வானை விட்டிருவியள். எனக்கு வேறை ஆர் வேலை தருவினம்? நான் பக்கத்திலை இருக்குமட்டும் ஒண்டும் நடவாது எண்டு நினைச்சன்."

குகதாசன் அவனை வெளியே போகச் சொன்னார்.

வானை விற்றார். பிக்கப்பின் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நகுலேஸ்வரி அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்களோடு வெளியே வைத்தாள். அவர் வழக்கமாகப் பலகை வாங்கும் மரக்காலையின் முதலாளி இரக்கப்பட்டு வாரத்தில் மூன்று நாள் வேலை கொடுத்தார். வருகிறவர்களுக்குப் பலகை எடுத்துக் கொடுக்க வேண்டும். பழைய வாடிக்கையாளர்கள் எப்போது வேலி போட வருவீர்கள் என்று கேட்டால், இப்போது எடுப்பதில்லை என்பார்.

அந்த வருடக் கடைசியில், புவனேசன் வேலையில்லாமல் அறைக்குள்ளேயே கிடக்கிறான், அண்ணையின் கண்ணை நான்தான் கெடுத்தேன் என்று காண்பவர்களிடமெல்லாம் சொல்லுகிறான் என்று கோயிலில் யாரோ நகுலேஸ்வரியிடம் சொன்னார்கள். அவள் வீட்டுக்கு வந்து அதைக் குகதாசனிடம் சொன்னாள். ஒருவருக்கும் சொல்லாத விஷயம் ஒன்று அவரிடம் இருந்தது. அடுத்த ஞாயிறு மூன்று ரயில் மாறி வால்தம்ஸ்டோவுக்குப் போனார்.

புவனேசன் கதவைத் திறந்தான். உடம்பு பாதியாகியிருந்தது. கதிரையைக் காட்டிவிட்டுக் கட்டிலில் இருந்தான்.

"ரெண்டு வருசத்துக்கு முதல் கண்ணாடிக் கடைக்காரன் கண்ணைச் சோதிச்சுப்போட்டு என்னை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கடிதம் தந்தவன்," என்றார் குகதாசன். "வேலை கூடின நேரம். கிழிச்சுப் போட்டிட்டன். நகுலாவுக்கும் தெரியாது."

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாம் அண்ணை."

"ஓம். சொல்லியிருக்க வேணும்."

"அஞ்சு மாசம் என்னாலைதான் எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தன்."

புவனேசன் எழுந்து கேத்திலைப் போட்டான். இருவரும் தேநீரைக் குடித்தார்கள். மரக்காலையில் ஆள் தேவைப்படுகிறது, கேட்டுப் பார்க்கட்டுமா என்றார் குகதாசன். வேண்டாம் என்று அவன் தலையசைத்தான். விடைபெறும்போது வாசல் வரைக்கும் வந்தான், படியிறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நகுலேஸ்வரி என்ன கதைத்தீர்கள் என்று கேட்டாள். குகதாசன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவளைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார். கடிதத்தைக் கிழித்த நாளிலிருந்து சொல்லத் தொடங்கினார்.